மூலக்கல் தீவிலே நிற்கட்டும். நகல் கொழும்புக்குப் போகட்டும்!

இலண்டன் மாநகரின் பிரித்தானிய நூதனசாலையிலே, நாலடி எட்டங்குல உயரமுள்ள தேவி ஒருத்தி நிற்கின்றாள். வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசப்பெற்றவள். தாரை என்பது அவள் பெயர். எட்டாம் நூற்றாண்டினள் என்பது அறிஞர் முடிபு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கீழைக் கரையிலே அவள் கண்டெடுக்கப்பட்டாள். தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் பிறவுண்றிக் 1830ஆம் ஆண்டில் அவளை அந்த நூதனசாலைக்கு அன்பளிப்புச் செய்தார். எவருடைய பொருளை எவர் எவருக்கு அன்பளிப்புச் செய்தார் என்று அன்று கேட்பாரில்லை. இன்று அவளைக் காண விரும்பும் இலங்கையன் கொழும்பு நூதனசாலைக்குப் போகலாம். அங்கே அவளுடைய நகல் ஒன்று வைக்கப்பட்டிருக்கின்றது.

உடையவனுக்கு நகல், கொண்டுபோனவனுக்கு மூலம்! இதுவன்றோ ஏகாதிபத்தியம் கண்ட பங்கீடு!

இந்தப் பங்கீடு அநீதியானதென்று கொழும்பு சொல்கிறது. சரியாகவே சொல்கிறது. இந்நாட்டிலிருந்து வெளியே போன கலைச்செல்வங்களையெல்லாம் தேடித் தொகுத்து, தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. எச். டி. எச். டி சில்வா 1975ஆம் ஆண்டில் ஒரு பெரும் பட்டியலை வெளியிட்டார். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் ஒல்லாந்து அரசு, கண்டியிலிருந்து கொள்ளையிட்ட பீரங்கி உட்பட ஆறு பொருள்களைத் திருப்பித் தந்தது. அன்று கொழும்பு மகிழ்ந்தது; நாமும் மகிழ்ந்தோம். களவு போனது வீடு திரும்பினால் மகிழாதார் யார்?

ஆயின் நாம் கேட்கிறோம்: கொழும்பு இலண்டனிடம் எந்த நீதியைக் கேட்கின்றதோ, அந்த நீதியை நயினாதீவும் நெடுந்தீவும் ஊர்காவற்றுறையும் கொழும்பிடம் கேட்டால் அது மட்டும் குற்றமாகுமா?

இந்தக் கேள்வியை இப்போது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. சிலைகளையும் கல்வெட்டுகளையும் ஒளியால் வருடி, கணினியிலேற்றி, அச்சுப்பொறியில் அச்சொட்டாக வார்த்தெடுக்கும் வித்தை உலகெங்கும் பரவிவிட்டது. அது நம் தீவுகளுக்கும் வரத்தான் போகின்றது. அதை ஒட்டி, படித்தவர்கள் கூடும் இடங்களிலே ஒரு பேச்சும் எழுந்திருக்கின்றது. ‘தீவுகளிலே உப்புக் காற்றில் அழிகின்ற பழம்பொருள்களைத் தலைநகருக்குக் கொண்டுசென்று காப்பாற்றலாமே. ஊர்க்காரருக்கு நல்ல நகலொன்று செய்து கொடுத்துவிட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாதே’ என்பது அந்தப் பேச்சு. நல்லெண்ணத்தோடு பேசுவோரும் இதிலே உண்டு. பிறவுண்றிக்கும் தம்மை நல்லெண்ணக்காரர் என்றே நினைத்திருப்பார்.

வித்தையை நாம் வெறுப்பவர்களல்லர். அதை இருகை நீட்டி வரவேற்கின்றோம். எந்தப் பொருள் எங்கே நிற்பது, எது எங்கே போவது என்பதிலேதான் நமக்கு வழக்கு.

வித்தை என்ன செய்கின்றது?

கல்வெட்டாராய்ச்சியாளர் பல தலைமுறைகளாகச் செய்துவரும் மைப்படியை வாசகர் சிலர் கண்டிருப்பர். நனைந்த தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்து, மேலே மையை ஒற்றினால், பள்ளத்திலுள்ள எழுத்து வெளுப்பாகவும் சுற்றியுள்ள வெளி கறுப்பாகவும் தாளிலே விழும். கல்லுக்கு நகலெடுக்கும் எளிய வழி அது. புதிய வித்தை அதன் பேரப்பிள்ளை. ஒளிக்கோடுகளையோ லேசர்க் கதிரையோ சிலையின்மேற் பாய்ச்சி, மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எங்கே நிற்கின்றதென அளக்கும் கருவிகள் ஒருவகை. தனிக் கருவியே இல்லாமற் செய்வது இன்னொரு வகை. சாதாரணக் கைத்தொலைபேசியால், சிலையைச் சுற்றிச் சுற்றி நூறு இருநூறு படங்கள் எடுக்கவேண்டும். ஒரு படத்தில் விழுந்ததில் மூன்றிலிரண்டு பங்காவது அடுத்த படத்திலும் விழவேண்டும். பக்கத்தில் அளவுகோல் ஒன்றிருக்க வேண்டும். வெயில் நேரே விழாத முகிற்பொழுது நல்லது. மிகுதியைக் கணினி பார்த்துக்கொள்ளும். தேய்ந்த எழுத்துக்கு மற்றுமொரு முறை உண்டு: படக்கருவியை அசையாது நிறுத்தி, விளக்கை மட்டும் பல கோணங்களில் நகர்த்தி நகர்த்திப் படமெடுத்தால், கண்ணுக்குத் தெரியாத கீறலும் நிழல் காட்டும்.

உருவம் கணினியிலே ஒரு கோப்பாகிவிட்டபின் அச்சுப்பொறி அதைப் படலம் படலமாகக் கட்டியெழுப்புகின்றது. ஒரு படலத்தின் தடிப்பு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கோ இரு பங்கோதான். பிளாஸ்ரிக்கிலும் கட்டலாம், பிசினிலும் கட்டலாம், மெழுகிலும் கட்டலாம். அந்த மெழுகுருவைக் களிமண்ணால் மூடிச் சூடாக்கி, மெழுகை ஒழுகவிட்டு, ஐம்பொன்னை ஊற்றினால், சுவாமிமலைச் சிற்பி காலங்காலமாய்ச் செய்துவரும் வேலையின் பிற்பாதி அப்படியே நடக்கின்றது. கல்லே வேண்டுமென்றால், அந்தக் கோப்பைப் பார்த்துக் கல்லைக் குடையும் இயந்திரமும் இருக்கின்றது.

இவை மந்திரமல்ல. பல் வைத்தியர்கள் நோயாளியின் வாய்க்குள்ளே சிறு வருடியைச் செலுத்தி அளவெடுத்துப் பல்லுக்குத் தொப்பி செய்கின்றார்கள். நம் பொறியியலாளரும் நில அளவையாளரும் ஆளில்லா விமானத்தாற் படமெடுத்து நிலப்படம் வரைகின்றார்கள். இதே கைகள் நம் கற்களுக்கு அளவெடுக்க எவ்வளவு நேரம் செல்லும்?

சாஞ்சிக்கு ஒரு நீதி, தாரைக்கு ஒரு நீதி

போபால் நாட்டிலே சாஞ்சித் தூபியின் கீழைத் தோரணம் நிற்கின்றது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே அதைப் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோக ஐரோப்பியர் ஆசைப்பட்டனர். ஆனால் 1869-70ஆம் ஆண்டுகளில் நடந்தது வேறு. ஹென்றி ஹாடி கோல் என்னும் ஆங்கிலேய அதிகாரி சாஞ்சிக்குச் சென்று, தோரணம் முழுவதையும் சாந்தில் அச்செடுத்தார். அந்த அச்சிலிருந்து வார்த்த நகல்கள் இலண்டனுக்கும் பாரிசுக்கும் பேர்லினுக்கும் போயின. மூலத் தோரணம் சாஞ்சியிலேயே நின்றது; இன்றும் நிற்கின்றது. 2022ஆம் ஆண்டிலே பேர்லின் நகரில், ஹும்போல்ட் மன்றத்தின் வாயிலின் முன்னே, இயந்திரக் கையும் கற்றச்சர் கையும் சேர்ந்து செதுக்கிய பத்து மீற்றர் உயரக் கற்றோரணம் ஒன்று எழுந்தது. அதுவும் நகலே. ஜேர்மானியர் நகலைப் பார்த்து வியக்கின்றனர். மூலத்தைப் பார்க்க வேண்டுமானால் அவர்கள் சாஞ்சிக்கு வரவேண்டும்.

ஒரே வித்தைதான். சாஞ்சியில் அது மூலத்தைக் காப்பாற்றியது. தாரையின் விஷயத்தில் அது பறிகொடுத்தவனின் வாயை அடைக்கும் மிட்டாயாயிற்று.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்த வேதனை புதிதன்று. வடமராட்சி வல்லிபுரத்திலே கிடைத்த புத்தர் சிலையொன்றை, 1906ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஹென்றி பிளேக் சீயத்து மன்னருக்குக் கொடுத்துவிட்டார். தமிழர் மண்ணிலே தழைத்திருந்த பௌத்தத்தின் சான்று அது. தமிழும் பௌத்தமும் ஒன்றாய் வாழ்ந்த காலமொன்று உண்டு என்பதை இன்று எவருக்கேனும் காட்டவேண்டுமானால், அந்தச் சிலை வல்லிபுரத்திலே இருந்திருக்க வேண்டாமா? நகல் கூட நமக்குக் கொடுக்கப்படவில்லை. சிலையைத் திருப்பித் தா என்று தாய்லாந்தோடு வழக்காட நாம் சொல்லவில்லை. கொடுத்தவன் குற்றத்துக்கு வாங்கியவனை ஏன் நோவான்? அச்சிலையை வருடி அதன் கோப்பை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும்படி கேட்பதற்கு ஒரு கடிதம் போதுமே! அந்தக் கடிதத்தை வெளிநாட்டமைச்சு எழுதுமா? தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரேனும் அதைக் கேட்பாரா?

நயினாதீவுக் கல்

இனித் தீவுகளுக்கு வருவோம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில் வளவிலே ஒரு கல் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அதிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது. சிங்கள மன்னனின் ஆணை. ஆனால் தமிழ் மொழியில்! பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் அதைப் படித்து இலங்கைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி ஏட்டில் வெளியிட்டார்.

ஆணை சொல்வது இது. பரதேசத்து வணிகர் ஊராத்துறையிலே வந்து தங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால், நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, முக்கால் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால், சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. அரசனுக்கு யானையிலும் குதிரையிலும் விருப்பம். ஆகவே அவற்றைக் கொண்டுவருவோனுக்குச் சலுகை.

ஊராத்துறை என்பது நம் ஊர்காவற்றுறையே. திருவாலங்காட்டுச் சோழர் கல்வெட்டும் பராக்கிரமபாகு மரக்கலங்கள் கட்டிய துறைகளிலே ஒன்றாக ஊராத்துறையின் பெயரைச் சொல்கின்றது. அல்லைப்பிட்டிக் கரையிலே அகழ்ந்தபோது கிடைத்த சீனத்துப் பீங்கான் துண்டுகளும் அந்தக் காலத்துக் கடல் வணிகத்துக்கே சாட்சி சொல்கின்றன. (நெடுந்தீவுக் குதிரைகளைக் கண்டவுடன் பராக்கிரமபாகுவின் குதிரைகள் இவைதாம் என்று பேசும் உற்சாகிகள் நம்மிடையே உண்டு. அவை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தின் வழிவந்தவை. உற்சாகம் வேறு, சரித்திரம் வேறு.)

இப்போது சொல்லுங்கள்: இந்தக் கல்லின் இடம் எது? இது நயினாதீவிலே, கோயிலிலே, ஊராத்துறைக் கடலைப் பார்த்து நிற்கும்போது, எழுதியதும் இடமும் ஒன்றையொன்று விளக்குகின்றன. பராக்கிரமபாகு தமிழிலே ஆணையிட்டான் என்றால், அந்தத் துறையிலே வந்திறங்கியவரும், கணக்கெழுதியவரும், உடைந்த கலத்தின் பங்கைப் பிரித்தவரும் படித்த மொழி தமிழ் என்பது அதற்குப் பொருள். இதே கல்லைக் கண்ணாடிப் பெட்டியிலடைத்துத் தலைநகரிலே வைத்தால், அது பல கற்களில் ஒரு கல்.

‘கல்லின் வடிவம்தான் கோப்பிலே இருக்கின்றதே’ என்பார் சிலர். வடிவம் இருக்கின்றது, கல் இல்லை. கோப்பு மேற்றோலை மட்டுமே அறியும். அந்தக் கல் எந்தப் பாறையில் வெட்டப்பட்டது, எந்த உளியால் கொத்தப்பட்டது, பொளிவுக்குள்ளே தங்கியிருக்கும் துகள் என்ன என்றெல்லாம் நாளை ஒரு மாணவன் கேட்பான். நாளைய கருவி இன்றைய கருவி காணாததைக் காணும். அதற்கு மூலம் வேண்டும். நகலைக் கீறிப் பார்த்தால் பிளாஸ்ரிக்தான் கிடைக்கும்.

ஆகவே நாம் சொல்வது: மூலக்கல் நயினாதீவிலே, நிழலும் கூரையும் உப்புக் காற்றுக்கு மறைப்பும் பெற்று நிற்கட்டும். அதனுடைய நகலொன்று ஊர்காவற்றுறை இறங்குதுறையிலே, எந்தத் துறைக்காக அந்த ஆணை பிறந்ததோ அந்தத் துறையிலே நாட்டப்படட்டும். இன்னொரு நகல் கொழும்பு நூதனசாலைக்குப் போகட்டும். அங்கே 1911ஆம் ஆண்டில் காலியிலே கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல் இருக்கின்றது. சீனத்துக் கடற்றளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு, சீனத்திலும் பாரசீகத்திலும் தமிழிலும் எழுதுவித்த கல் அது. அதன் பக்கத்திலே நயினாதீவுக் கல்லின் நகலை வைத்தால், இந்தத் தீவின் வணிகத் துறைகளிலே எந்த மொழி வழங்கிற்று என்பதைக் கொழும்புப் பள்ளிப் பிள்ளைகள் இரு கற்களிலும் கண்டு தெரிந்துகொள்வார்கள்.

கோப்பு யார் கையில்?

இங்கே நம் வாசகரிற் பலர் நினைத்துப் பார்க்காத ஒன்றைச் சொல்லவேண்டும். கல்லைவிடக் கோப்பைக் களவெடுப்பது எளிது. கல்லைத் தூக்கினால் ஊர் பார்க்கும். வருடிக்கொண்டு போனவன் கும்பிட்டு விடைபெற்றுப் போவான். நாமே அவனுக்கு இளநீர் கொடுத்து அனுப்புவோம்.

எகிப்து நாட்டிலே 1912இல் அகழ்ந்தெடுத்த நெபர்தித்தி அரசியின் மார்பளவுச் சிலை பேர்லினிலே இருக்கின்றது. அதை அந்நகரத்து நூதனசாலை வருடிக் கோப்பாக்கிப் பூட்டி வைத்திருந்தது. கொஸ்மோ வென்மன் என்னும் அமெரிக்கர் மூன்றாண்டுகள் சட்டப்படி மல்லாடி 2019இல் அக்கோப்பைப் பெற்று உலகுக்கு வெளியிட்டார். வெளியே வந்த கோப்பைத் திருப்பிப் பார்த்தால், அரசியின் அடிப்பக்கத்திலே நூதனசாலையின் உரிமை நிபந்தனை பொறிக்கப்பட்டிருந்தது! மூவாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்திய சிலைக்கு நேற்றைய முத்திரை. இலண்டனிலோ, பார்த்தினன் கோயிற் சிற்பங்களை முறைப்படி வருட அனுமதி கேட்டவர்களுக்குப் பிரித்தானிய நூதனசாலை மறுப்புச் சொல்லிற்று. அவர்கள் 2022ஆம் ஆண்டிலே சாதாரணப் பார்வையாளராய் உள்ளே போய், கைத்தொலைபேசியாலேயே அளவெடுத்து வந்து, சந்திரதேவியின் குதிரைத் தலையை இத்தாலியிலே பளிங்கிற் குடைவித்துவிட்டனர். காவலாளிக்கு முன்னாலேயே நடந்தது!

பழம்பொருளின் வெறும் பிரதிக்குப் புதிய பதிப்புரிமை கிடையாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டிலே நெறிமுறை வகுத்திருக்கின்றது. நம் நாட்டிலே 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாளுக்கு முந்தியவற்றைப் பற்றியும், மண்ணுக்குள் கிடப்பது எவருக்குச் சொந்தம் என்பது பற்றியும் அது பேசுகின்றது. அச்சட்டம் பிறந்தபோது கணினியே இல்லை. ஆகவே கோப்பு யாருடையது என்று நாம்தான் முற்கூட்டியே எழுதி வைக்கவேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் வந்தாலும், எந்தத் தூதரகம் பணம் தந்தாலும், முழுக்கோப்பின் ஒரு படி கோயில் தருமகர்த்தா சபையிடமும், ஒரு படி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், ஒரு படி எவரும் எடுத்துப் பார்க்கும் பொது இணைய நூலகத்திலும் இருக்கவேண்டும். 2005ஆம் ஆண்டு தொடங்கிய ‘நூலகம்’ இதற்கு வழி காட்டியிருக்கின்றது. இந்த நிபந்தனைக்குக் கையொப்பமிடாதவன் படக்கருவியைப் பையிலிருந்து எடுக்கவேண்டாம்.

பல இடங்களிற் படி இருப்பதன் அருமையை யாழ்ப்பாணத்தானுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவிலே எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் வெந்தன. படி இருந்த நூலை மறுபடி வாங்கினோம். படி இல்லாத ஏட்டை எந்தக் கடையில் வாங்குவது? சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடி 1887இல் கலித்தொகையை அச்சேற்றியிராவிட்டால் அதன் கதி என்ன ஆகியிருக்கும்? நகலெடுப்பது நமக்கு அந்நியக் கலையன்று. ஏடு பெயர்த்தெழுதியவர் பரம்பரை நாம்.

உழவருக்கு ஒரு வார்த்தை

‘நெடுந்தீவிலே குடிதண்ணீருக்கே திண்டாட்டம், வேலணையிலே புகையிலைக்கு விலையில்லை, இந்த நேரத்திலே கல்லுக்குப் படமா?’ என்று உழவர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். அவருக்கு நம் விடை ஒரு சொல்லிலே அடங்கும்: தோம்பு.

ஒல்லாந்தர் நம் காணிகளைத் தோம்பிலே பதிந்தார்கள். வரி வாங்கவே பதிந்தார்கள். ஆயினும் பிற்காலத்திலே எத்தனை காணி வழக்குகளிலே அந்தத் தோம்பு உடையவனைக் காப்பாற்றிற்று! இன்று தமிழர் பிரதேசங்களிலே காணிக்கு வழக்கு, கல்லை முன்னிட்டு வருகின்றது. 2020ஆம் ஆண்டு ஜூனில், கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென்று பாதுகாப்புச் செயலாளரின் தலைமையிலே ஜனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டபோது, அதிலே தொடக்கத்தில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. முல்லைத்தீவுக் குருந்தூர்மலையைச் சுற்றி எல்லைக் கற்கள் நாட்டப்பட்டபோது, தண்ணிமுறிப்பு உழவரின் வயல்கள் அந்த எல்லைக்குள்ளே போயின. கல் எங்கே இருந்தது, எந்தக் கோலத்தில் இருந்தது, எப்போது வந்தது என்பதற்கு நாளும் இடமும் குறித்த பதிவு உழவர் கையிலே இருந்திருந்தால், அவர் வாயால் வாதாட வேண்டியிருந்திராது.

பதிவு எப்படிப் பேசும் என்பதற்குச் சோழநாட்டிலே ஒரு சாட்சி. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயில் நடராசரைக் களவாடி விற்றார்கள். அவுஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008இல் ஐம்பது இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்து வாங்கிற்று. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்னே கோயிலில் எடுத்து வைத்திருந்த படம் வெளியே வந்தது. அவுஸ்திரேலியப் பிரதமரே 2014ஆம் ஆண்டு செப்டெம்பரில் இந்தியாவுக்கு வந்து கையளிக்க நேர்ந்தது. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் செய்த வேலை அது. மில்லிமீற்றர் கணக்கான கோப்பொன்று எவ்வளவு செய்யும்!

கிணறு வெட்டும்போதும் ஏர் பூட்டும்போதும் தட்டுப்படுவதை முதலிற் காண்பவர் உழவரே. திருகோணமலையிலே 1950ஆம் ஆண்டில் கிணறு வெட்டியவர்கள் மண்வெட்டியிலேதான் கோணேசர் கோயிலின் திருவுருவங்கள் தட்டுப்பட்டன. 1963இல் அவை மறுபடி கோயிலேறின. அப்படி ஏதும் தட்டுப்பட்டால், அசைக்காமல், கழுவாமல், கிடந்த கிடையிலேயே சுற்றிப் படமெடுங்கள். பிறகு கிராம அலுவலரிடம் போங்கள்.

நம் கையின் அழுக்கு

கொழும்பை மட்டும் ஏசிவிட்டுப் போவது எளிது. சென்ற ஆண்டு நாம் தீவுப்பகுதியிலே ஒரு கோயிலுக்குப் போனோம், பெயர் வேண்டாம். கிணற்றடியிலே காலுரைக்கும் கல்லாய்க் கிடந்தது ஒரு துவாரபாலகர் சிலையின் கீழ்ப்பாதி. கேட்டதற்கு, ‘திருப்பணிக்குக் கழித்தது’ என்றார்கள். மேற்பாதி எங்கே என்றோம். கடலிலே விட்டாயிற்றாம்! வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய பணத்திலே, பளபளக்கும் வர்ணத்திலே, புதிய துவாரபாலகர்கள் வாயிலிலே நின்றார்கள்.

சிதைந்த படிமத்தை நீரிலே விடுவது மரபென்று சொல்வார்கள். மரபை நாம் மறுக்கவில்லை. விடுவதற்கு முன்னே ஒரு மணி நேரம் படமெடுக்க எந்த ஆகமம் தடை சொல்கின்றது? கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் புங்குடுதீவுப் பிள்ளைகள் கோபுரத்துக்குக் காசு அனுப்பும்போது, ‘இடிக்குமுன் வருடு’ என்று ஒரு வரி சேர்த்து எழுதக் கூடாதா? ஐம்பது வருடத்துத் தேர்ச் சிற்பத்தையும் வாகனத்தையும் புதிது செய்ய விற்கின்றோம். ஊர்காவற்றுறைத் தேவாலயங்களிலே கறையான் தின்னும் பழைய மரச்சுருவங்களைப் பற்றி எவர் கவலைப்படுகின்றார்? நெடுந்தீவுக் கோட்டையின் முருகைக்கற் சுவரிலே ஒவ்வொரு சோளகத்துக்கும் ஒரு பிடி உதிர்கின்றது. கடலுக்குள்ளே நிற்கும் ஹமன்ஹீல் கோட்டையையாவது கடற்படை விடுதியாக்கிக் கூரை போட்டு வைத்திருக்கின்றது; நெடுந்தீவுக் கோட்டைக்கு அந்தப் பாக்கியமும் இல்லை!

மூலத்தானத்து மூர்த்தியை வருடலாமா என்று சிலர் கலங்குகின்றனர். குருக்களும் அடியாரும் சம்மதியாவிட்டால் வேண்டாம். வெளியிலேயே செய்ய வேண்டியது மலைபோல் இருக்கின்றது. அச்சிலே வந்த நகல் பிரதிட்டை செய்யப்படும் வரை பொம்மையே. அதனாலே தெய்வத்துக்குக் குறைவு வராது.

ஆயின் அந்தப் பொம்மைக்கு ஓர் அடையாளம் வேண்டும். ஒவ்வொரு நகலின் அடியிலும் ‘நகல்’ என்ற சொல்லும் செய்த ஆண்டும் அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2005ஆம் ஆண்டு மே மாதத்திலே திருகோணமலைப் பேருந்து நிலையத்தருகே இரவோடிரவாகப் புத்தர் சிலையொன்று முளைத்ததை நாடு கண்டது. மண்ணுக்கு மேலே முளைப்பதைக் கண்ணாற் காண்கின்றோம். அச்சொட்டான பழஞ்சிலையை அச்சிட்டு, மண்ணுக்குக் கீழே புதைத்து, பத்தாண்டு கழித்துத் ‘தோண்டி எடுக்கும்’ காலம் வராதென்று யார் சொல்லமுடியும்? இந்தக் கட்டுப்பாடு கொழும்புக்கு மட்டும் வேண்டியதன்று. நம்மவரிலும் சரித்திரத்தை அச்சிடத் துடிப்பவர் இருக்கின்றனர்.

தொடங்குவதற்குப் பெருந்திட்டம் எதுவும் வேண்டியதில்லை. பொ. இரகுபதி 1987இல் வெளியிட்ட யாழ்ப்பாணத்து ஆதிக் குடியிருப்புகள் பற்றிய ஆய்வு நூல் இருக்கின்றது. எங்கே என்ன கிடந்தது என்பதற்கு அதைக் கையிலெடுத்துக்கொண்டு புறப்படலாம். பிரதேச சபையும் தொல்பொருள் திணைக்களமும் எழுத்திலே அனுமதி தரட்டும். தராவிட்டால் ஏன் தரவில்லையென்று எழுத்திலே தரட்டும், இப்பத்திரிகையிலே வெளியிடுகின்றோம். ஊர்காவற்றுறை இறங்குதுறையிலே நாட்டும் நகலைப் பிளாஸ்ரிக்கிலே செய்து வைத்துவிட்டுப் படமெடுக்க நிற்கவேண்டாம்: மலிவாகக் கிடைக்கும் அச்சுப் பிளாஸ்ரிக் அறுபது பாகைச் சூட்டிலே இளகத் தொடங்கும், நம் சித்திரை வெயிலிலே அது கூனிவிடும். அச்சை மட்டும் பிளாஸ்ரிக்கிலே எடுத்து, உருவைச் சீமெந்துச் சாந்திலே வாருங்கள். வசதியிருந்தால் கருங்கல்லிலே குடையுங்கள்.

நயினாதீவிலே ஆனித் திருவிழாவுக்குச் சனம் திரளும்போது இந்த வேலை நடவாது. பங்குனியிலே கடல் படுத்திருக்கும்; வெயில் ஏறுமுன் வெளிச்சமும் நல்லது. குறிகட்டுவானிலிருந்து காலைப் படகிலே இரண்டு பொறியியலாளரும், ஒரு பல் வைத்தியரும், கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒரு மாணவனும், ஓர் அளவுகோலும் போனால், மாலைப் படகுக்குள் கல்லின் வேலை முடிந்துவிடும்.